சிம் போட்ட ஆத்மா

திருவொற்றியூர் கடலோரச் சாலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூடிய கூட்டத்தைப் பார்த்து, எண்ணூருக்குப் போக வேண்டிய கண்டெய்னர் லாரிகள் எல்லாம் பயந்துபோய் ஆந்திராவுக்கே திரும்பிவிட்டன. கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். சரி, பாதி லாரிகள் திரும்பின. கரைக்கு வந்த அலைகூட நிற்க இடமில்லாமல் வந்த வழியே போனது.

இத்தனை பேரும் எதைப் பார்க்க வந்தார்கள்? ஒரு போனை.

ஆனால் அது எப்பேர்ப்பட்ட போன்! செங்கல் கனம். நான்கு மூலையிலும் டயர் ரப்பர். பாதி உடம்பு திரை, மீதி உடம்பு குட்டிக் குட்டிப் பட்டன்கள். டைப்ரைட்டரைப் பீரங்கிக்குக் கட்டிக்கொடுத்துப் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. கடலுக்கடியில் கிடந்த அதைக் கடலம்மாவே வேலப்பனின் வலையில் ஏற்றிவிட்டாளாம். மேலே வந்தபோதும் விளக்கு எரிந்ததாம். அன்று முதல் வேலப்பன் 'போன் சாமி' ஆனான். அதற்கு முன் அவன் என்ன செய்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். அவனிடம் ஏமாந்தவர்களைக் கேளுங்கள், வரிசையில் வந்து சொல்வார்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு வேடிக்கை பார்ப்பதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? முதல் வரிசையில் நாற்காலி பிடித்துவிட்டேன்.

மேடையில் சாமி மைக்கைப் பிடித்தான். போனைக் கடல் தண்ணீர் வாளியில் முக்கினான். எடுத்தான். திரை எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தரையில் ஓங்கி அடித்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆட்டோவை அதன் மேல் ஏற்றச் சொன்னான். ஆட்டோதான் குலுங்கியது. ராயபுரத்திலிருந்து வந்திருந்த டோரதி என்ற பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த அம்மாள் வேப்பிலையை ஆட்டினார். மதங்களை ஒற்றுமைப்படுத்த இத்தனை வருடம் பாடுபட்டவர்கள் ஒரு போனை வாங்கியிருந்தால் போதும்.

"இதுல சிம்மு கெடையாது! டவரு கெடையாது! செத்தவங்க மேலேர்ந்து நேரா இந்தப் பட்டனை அமுக்குவாங்க. சத்தம் கேளு!"

டக் டக் டக் என்று பட்டன் தட்டும் சத்தம் போனிலிருந்து வந்தது. விரல் எதுவும் படவில்லை. திரையில் தமிழில் ஒரு சேதி. மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கமானவர்களுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக சிக்னல் கிடைக்கிறதோ! எங்கள் தெருவில் மொட்டை மாடிக்கு ஏறினால்தான் கிடைக்கும்.

"பட்டன்ல இங்கிலீஷ் எழுத்துதானே கீது, சேதி தமிழ்ல வர்து?" என்றது ஒரு குரல்.

"மேல போய்ட்டா எல்லா பாஷையும் வந்துரும் நைனா!" என்றான் சாமி.

கூட்டம் கைதட்டியது.

அடுத்து மேடையேறினார் பச்சையம்மா. போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த துரையின் மனைவி. துரை விட்டுப்போன சொத்து ஒரு பைபர் படகு. அதை மீன்பிடிக்கக் கொடுத்து வரும் பங்கில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தப் படகைச் சாமியின் கடல் பீடத்துக்கு எழுதி வைக்கும்படி துரையே போன வாரம் சேதி அனுப்பியிருந்தார். இன்று இன்னொரு தரம் சொல்லிவிட்டால் பச்சையம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். பத்திரம் மேடையில் தயாராக இருந்தது. ஆத்மாக்கள் பத்திரச் செலவையும் யோசிக்கின்றன!

"துரை! உன் சம்சாரம் பச்சையம்மா வந்துகீது! போட்டை இன்னா பண்றது, சொல்லு!" என்று மைக்கில் கத்திய சாமி, கூட்டத்தைப் பார்த்து மார்தட்டினான். "டவுட்டு கீறவன் வா! வந்து இந்தப் போனைக் கல்லுல அடி, சுத்தியால அடி! டெஸ்ட் பண்ணு!"

"நான் பண்றேன்" என்று ஏறினாள் கார்குழலி. பச்சையம்மாவின் மகள். எண்ணூர் கண்டெய்னர் யார்டில் வேலை.

"யம்மாடி, நைனா கோச்சிக்கப் போறாருடி" என்றார் பச்சையம்மா.

"கோச்சிக்கட்டும்மா. கோச்சிக்கினாவது பேசட்டும்."

சாமி பெருந்தன்மையோடு போனை நீட்டினான். சுத்தியலும் தந்தான். கார்குழலி சுத்தியலை வாங்கவில்லை. போனின் பக்கவாட்டில் இருந்த ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினாள். அம்மாவின் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். ஒரு குட்டித் தட்டு வெளியே வந்தது.

"சிம்மே கெடையாதுன்ன. இது இன்னா, உளுத்தம்பருப்பா?"

சாமி மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "இன்னாமே பண்றே! ஆத்மாவுக்கு ஆபத்து!"

"ஆத்மாவுக்கு சிம்மு எதுக்கு மாமு? சிம்மு இல்லாம பேசச் சொல்லு."

போன் ஊமையாகக் கிடந்தது. கடல், சுத்தியல், ஆட்டோ எதற்கும் அசையாத தெய்வம், நகத்தளவு பிளாஸ்டிக் இல்லாமல் மூர்ச்சையானது. கார்குழலி அந்த சிம்மைத் தன் போனில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் போன் அதிர்ந்தது. கீழே கிடந்த மைக்கை எடுத்துப் படித்தாள்.

"'பச்சே, நான் துரை. போட்டை சாமி பேருக்கு எழுதிக் குடு.'"

கூட்டம் முழிக்கையில் அடுத்ததும் வந்தது.

"'மாமா, இங்க ஒரே சத்தம், மைக்கு ஒண்ணும் கேக்கல. சேதி வந்துச்சா இல்லியா? நாஷ்டா அனுப்பு, பசி கொல்லுது.'"

கார்குழலி அந்த எண்ணுக்கே போன் போட்டு, மைக்கருகில் வைத்தாள். மறுமுனையில் கொத்துப் பரோட்டா போடும் சத்தம் தூள் பறந்தது. "அலோ, சொல்லு மாமா!" என்றது ஆத்மா.

கூட்டம் எதிரிலிருந்த பரோட்டாக் கடையை நிமிர்ந்து பார்த்தது. மேலோகம் என்பது அந்தக் கடையின் மாடி அறை. காதில் போனோடு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தான் சாமியின் மச்சான் திருமுருகன். அவனைக் கீழே இறக்கிய வேகத்தில் படிக்கட்டே அவனுக்கு வழிவிட்டது.

"இத்த மாரி போனு எங்க யார்டுல ஆளாளுக்கு ஒண்ணு கீது" என்றாள் கார்குழலி. "தண்ணி பூராது, ஒடையாது. கையுறை போட்டுக்கினு அமுக்கத்தான் பட்டன். டக் டக்குனு வர்து பாரு, அது மெசேஜ் டோனு. கடலம்மா குடுக்கல, கடையில விக்கிறான்."

பச்சையம்மா பத்திரத்தை நாலாகக் கிழித்தார். "உசுரோட இருந்தப்போ கடலுக்குப் போனா ஒரு போன் பண்ண மாட்டாரு அந்த மன்சன். செத்தப்புறம் பண்ணுவாருன்னு நம்புனேன் பாரு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணைத் துடைத்தது முந்தானை.

போலீஸ் வந்து மாமனையும் மச்சானையும் ஏற்றிச் சென்றது. கூட்டம் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? டோரதி மெதுவாகக் கார்குழலியிடம் வந்தார்.

"அந்த சிம்மை ஒரு நிமிசம் என் போன்ல போட்டுக் குடும்மா. எங்க மாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

செத்தவர்கள் எழுந்துவந்து 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மறுக்கமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. மறுக்க வேண்டியவர்கள் உயிரோடு இருப்பவர்கள்.

இருக்கிறீர்களா?