எடை போதாத பத்மநாபன்

எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் எடை எவ்வளவு என்பதல்ல; அலுவலகப் பதிவேட்டில் தன் எடை எவ்வளவு என்பதே.

அல்வாலில் எங்கள் மத்திய மின்கலச் சோதனை நிலையத்தில், 2008இல், இதை முதலில் அறிந்தவர் பத்மநாபன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டும். இந்த வருஷமே வயிற்றைச் சுருக்காவிட்டால் இதயம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சுஷ்மா சொல்லிவிட்டார். அதற்கு முன் ஐந்து கிலோ குறைத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

நிலையத்தின் விதியோ, நூற்றுப் பதினைந்துக்குக் குறைந்தவருக்கு அலுவலகச் செலவில் அறுவை சிகிச்சைக்கு அனுமதி இல்லை என்றது.

“மூணு கிலோ ஏறிட்டு வாங்க” என்றார் மருத்துவப் பிரிவு அதிகாரி கிருஷ்ணமூர்த்தி.

“அங்கே குறைக்கச் சொல்றாங்களே, சார்?”

“தாராளமா குறைக்கலாம். ஏறின பிறகு.”

எடை பார்க்கும் கிருஷ்ணபிரசாத் இளகிய மனசுக்காரர். “டென்ஷன் நக்கோ, வேண்டவே வேண்டாம் சார். வெறும் ஆளைத்தான் நிறுக்கணும்னு விதியில இருக்கா? பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் மாட்டிட்டு ஏறுங்க. டியூட்டி டிரெஸ்தானே!”

முள் நூற்றுப் பதினைந்தேகாலில் நின்றது. மேற்படி எடை முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

புதிதாக ஒரு சலுகை வந்திருக்கிறது என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் பரவியது. என்ன சலுகை என்று கேட்டவர்கள் இரண்டு பேர். விண்ணப்பம் வாங்கியவர்கள் பதின்மூன்று பேர். ஐம்பத்து நான்கு கிலோ உள்ள நான், சோதனைக்கு வந்த லாரி பேட்டரி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். அதுவும் டியூட்டிச் சாமான்தானே. நூற்றுப் பதினாறு. பத்மநாபனைவிட முக்கால் கிலோ அதிகம்.

உத்தரவு வந்தது: ஆண்டுக்கு இருவர் வீதம், பணிமூப்பு வரிசைப்படி. நான் நான்காம் எண். கடைசியாக வேலையில் சேர்ந்த பத்மநாபன் பதினான்காம் எண். அவர் முறை வருவது 2014இல். ஓய்வு பெறுவது 2011இல்.

என்னிடம் வந்தார். “நீங்களாவது விட்டுக்கொடுங்க, சார். உங்களுக்கு வயிறே இல்லையே.”

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“நான் விட்டா அந்த இடம் உங்களுக்கு வராது. அஞ்சாம் எண் உமாசங்கருக்குப் போகும். அந்த ஒல்லிப்பிச்சானுக்கு எதுக்கு ஆபரேஷன்?”

“முதல் மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க. அவங்களுக்கு அடுத்த எண்ணுக்குப் போயிடுமாம்.”

“நியாயமானவங்க. எதுக்கும் உமாசங்கரையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

உமாசங்கர் இருப்பது இரண்டாவது மாடி. நாற்பத்திரண்டு படி. பத்மநாபன் ஏழாவதில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.