சத்தியவதி தின்ற புல்

தாராவிக்கு அந்தக் கோடையில் தண்ணீர் ஒழுங்காக வந்ததோ இல்லையோ, தெய்வம் வந்துவிட்டது. நாலு காலில் வந்தது. பெயர் சத்தியவதி. வெள்ளைப் பசு, கொம்பில் மஞ்சள், கழுத்தில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை. எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் என்று பேச்சு. பரீட்சை முடிவு, துபாய் விசா, மூலநோய், மாமியாரின் வளையலை எடுத்தது யார் என்பது வரைக்கும் எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மாடு!

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த தோல் கோடவுன்தான் சந்நிதி. மாட்டுத்தோலை உப்புப் போட்டு அடுக்கிய அதே தரையில் மாட்டுக்குச் சூடம் காட்டினார்கள். யாருக்கும் உறுத்தவில்லை, சத்தியவதியும் விசாரிக்கவில்லை. டோம்பிவிலியிலிருந்து அரைநாள் லீவு போட்டு, ரயிலில் நசுங்கி வந்து, இங்கேயும் வரிசையில் நசுங்கினார்கள்.

மாட்டின் சார்பில் பேசியவர் பசுவாக்குச் சித்தர் கோமதிநாயகம். மூன்று வருஷத்துக்கு முன்பு குர்லா ஸ்டேஷன் வாசலில் மொபைல் கவர் விற்றவர். ஞானம் எப்போது வந்தது என்று அவரே தேதி மாற்றி மாற்றிச் சொல்வார். அவருடைய முறை சுலபம். கேள்வியைச் சொன்னதும் மாட்டின் முன்னால் இரண்டு புல்கட்டு வைப்பார். மஞ்சள் நூல் கட்டியதைத் தின்றால் நடக்கும், சிவப்பு நூல் கட்டியதைத் தின்றால் நடக்காது. நடக்காது என்று வந்தால் ஒன்பது வெள்ளிக்கிழமை பரிகாரம், வாரா வாரம் தட்சணையோடு. கிழிந்த சட்டைக்காரருக்கு உடனே மஞ்சள் விழுந்தது. கழுத்துச் சங்கிலி கனமாக இருப்பவருக்கு மட்டும் முதலில் சிவப்புத்தான். தெய்வத்துக்கு ஏழைகள் மேல் அவ்வளவு இரக்கம்.

பூமாரி இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவள். அவள் சிரிப்பு நின்றது, பெல்ட் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன் வானமாமலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்றைக்கு.

"ஏளா, மாடு செவப்பத் தின்னுட்டு. நம்ம ஷாலினி கல்யாணம் வேண்டாங்கு."

"மாடா சொல்லிச்சு?"

"பின்ன நானா சொல்லுதேன்? மாப்பிள்ளை பேரைச் சொல்லித்தான் சித்தர் புல்லுக்கட்டை வச்சாரு. மஞ்சளை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிட்டு. ஒம்பது வெள்ளி பரிகாரம் செய்யணும்."

"கல்யாணத்துக்கு மூணு வாரந்தான இருக்கு?"

"அப்ப நிறுத்த வேண்டியதுதான். டோம்பிவிலிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிருதேன்."

உள்ளே ஷாலினி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் பேச்சிராஜாவும் ஒருவரையொருவர் பிடித்துப்போய், அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "ஒரு மாடு புல்லு திங்கலன்னு என் கல்யாணம் நிக்கணுமாம்மா?" என்று கேட்டு அழுதாள். 

பூமாரி பதினோரு வருஷமாக மாட்டுங்காவில் ஒரு கோவில் முனையில் பசுவைக் கட்டிப் புல் விற்கிறாள். புண்ணியம் வேண்டுபவர்கள் அவளிடம் புல் வாங்கி, அவள் பசுவுக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் பிழைப்பும் புண்ணியத்தில்தான் ஓடுகிறது என்றாலும், மாட்டைப் பேசவைக்கும் அளவுக்குப் போனதில்லை. எந்தப் புல்லை மாடு மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கும் என்பது மட்டும் அவளுக்கு அத்துப்படி.

"நாளைக்குக் காலையில நானும் வாரேன்," என்றாள். "அதுக்கப்புறம் போன் போடுங்க."

மறுநாள் வரிசையில் நின்று புருஷனோடு சந்நிதிக்குள் போனாள். அதே கேள்வி, அதே இரண்டு கட்டு. சத்தியவதி மஞ்சளை மோந்தது, மூக்கைச் சுளித்தது, சிவப்பில் வாய் வைத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூமாரி குனிந்து இரண்டு கட்டிலும் ஒரு கொத்து உருவி, வாயில் போட்டு மென்றாள்.

சித்தர் மிரண்டுபோனார். "தாயி, என்ன காரியம் பண்ணுத?"

மஞ்சள் கட்டுப் புல்லைத் துப்பிவிட்டுச் சொன்னாள். "இது பாலத்துக்கு அடியில சாக்கடை ஓரமா மொளச்சது. வெயில் படாத புல்லுல இனிப்பு ஏறாது. மேல பூரா வண்டிப் புகை. அந்தச் செவப்பு, கிணத்துத் தண்ணி பாஞ்ச வசாய் தோட்டத்துப் புல்லு. பகல் பூரா வெயில் குடிச்சதைச் சாயங்காலம் அறுத்திருக்கு. அதான் இனிக்கி."

"எல்லாம் ஒரே புல்லுதான் தாயி. வாக்குதான் வேற."

"ரொம்பச் சரி சாமி. ஒரே புல்லுன்னா நூலை மாத்திக் கட்டலாம்லா?"

"தாயைச் சோதிச்சா கண்ணு போயிரும்."

"போனா என் கண்ணுதான. நீங்க தள்ளி நில்லுங்க."

நூலை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். அதே மாப்பிள்ளை பெயரைச் சொன்னாள். சத்தியவதிக்கு மஞ்சள் தெரியுமா, சிவப்பு தெரியுமா? வசாய் புல் இருந்த பக்கமே போனது. இப்போது அதில் மஞ்சள் நூல். வேண்டாம் என்ற கல்யாணத்துக்கு மாடு ஒரே நிமிஷத்தில் சம்மதித்துவிட்டது.

"தாய் மனசு இரங்கிட்டா," என்று சித்தர் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இரங்குன மனசுல இன்னொண்ணு கேட்டுக்கிடுதேன். சத்தியவதி, நீ எருமையா?"

மாடு மஞ்சள் கட்டில் இன்னொரு வாய் இழுத்தது. ஆமாம், எருமைதான். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இந்தச் சாமி நமக்கெல்லாம் டோப்பி போட்டு ஏமாத்துதாரா?"

மஞ்சள் கட்டில் மிச்சமிருந்ததையும் மாடு நூலோடு சேர்த்துத் தின்றுவிட்டது.

வானமாமலைக்கு இன்னும் அரைமனசு. பூமாரி அவர் கண்ணைத் தன் முந்தானையால் பொத்தி, முதலில் உருவியதில் கையில் மிச்சமிருந்த இரண்டு புல்லையும் ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்தாள். ஒன்றைத் துப்பினார். மற்றதைத் தன்னையறியாமல் மென்று விழுங்கியும் விட்டார். கொல்லென்று சிரித்த கூட்டம் அதே வேகத்தில் சந்நிதியின் கோடியில் தொங்கிய திரையை விலக்கியது. பின்னால் இரண்டு சாக்கு. ஒன்றில் பச்சைப்பசேலென்று ஈரப் புல், இன்னொன்றில் புழுதியும் சாக்கடை நாற்றமும். சித்தரை மட்டும் காணவில்லை. பின்வாசல் வழியாக, வாக்குக் கேட்காமலே சரியான முடிவெடுத்திருந்தார்.

வானமாமலை வாயைத் துடைத்துக்கொண்டு டோம்பிவிலிக்கு போன் போட்டார். "சம்பந்தி, சும்மாதான் கூப்புட்டேன். பந்தல்காரன் வந்தாச்சா?"

பூமாரி வெளியே வந்தாள். சந்து முனையில் நாலைந்து பெண்கள் அவளை மறித்தார்கள். ஒருத்தி பவ்யமாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, மாட்டுங்காவுல நீங்களும் பசு வச்சிருக்கியளாமே. அது நெசமாவே வாக்கு சொல்லுமா?"

பூமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லும். 'தின்ன புல்லையே திரும்ப வாய்க்குக் கொண்டாந்து மணிக்கணக்கா மென்னு பாக்கேன், நீங்க காதுல விழுந்ததை ஒருக்காகூட மெல்லாம முழுங்குதியளே'ன்னு சொல்லும்."