வெல்க்ரோவும் சித்தப்பாவின் கையும்

கல்யாண மண்டபத்தில் நான் யாரையும் நம்ப மாட்டேன். வாசலில் விட்ட செருப்பே தங்காத இடத்தில் லென்ஸ் தங்குமா? அதனால்தான் என் கேமரா பை மூடியிலிருந்த வெல்க்ரோ பட்டையை எனக்குப் பிடிக்கும். யார் பிரித்தாலும் 'பர்ர்ர்' என்று ஊரைக் கூட்டும். சம்பளம் இல்லாத காவல்காரன்.

அந்தக் காவல்காரன்தான் சீர்காழியில் என் மானத்தை வாங்கினான். நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையைத் தட்டோடு பெண்ணிடம் நீட்டுகிறார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கிறது. நான் லென்ஸ் மாற்றப் பையைத் திறந்தேன். பர்ர்ர்!

"ஐயய்யோ, புடவை கிழிஞ்சிடுச்சு!" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

முடிந்தது கதை. முழுப் புடவையையும் விரித்துக் கிழிசலைத் தேடினார்கள்.

"கிழிசலையா வாங்கியாந்தீங்க?" என்றார்கள் பெண் வீட்டார்.

"உங்க ஆளுங்க இழுத்த இழுப்புல கிழிஞ்சிருக்கும்!"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (வேறு எங்கே பார்ப்பது?) பெண்ணின் சித்தப்பா மட்டும் என் பையைப் பார்த்தார். வந்தார். மூடியை ஒட்டிப் பிரித்தார். பர்ர்ர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, தாலி கட்டுறப்ப இந்தச் சத்தம் வந்துச்சு, பையத் தூக்கி வாய்க்கால்ல வீசிடுவேன். கேட்டுக்கங்க."

வெல்க்ரோ மேல் ரிப்பன் வைத்துத் தைக்கச் சொல்லிப் பையை மனைவியிடம் கொடுத்தேன்.

"இனிமே சத்தம் வராது. ஆனா மூடவும் மூடாது, பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றேன். மடையன்.

கல்யாணத்தன்று பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சத்தம் வராத பையில் யார் கை விட்டாலும் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு படம் எடுப்பேன், திரும்பிப் பார்ப்பேன். சந்தனம் கொடுத்த அக்கா, ஜிலேபி தின்ற பெரியவர், எல்லோருமே திருடர்களாகத் தெரிந்தார்கள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கேமராவைத் தூக்கினேன். கடைசியாக ஒரு தடவை திரும்பினேன். பைக்குள் ஒரு கை!

பாய்ந்து மணிக்கட்டை முறுக்கினேன். "திருட்டுப் பயலே!"

சித்தப்பா.

"யோவ், விடுய்யா! மூடி ஒட்டிக்கிட்டா மறுபடி பிரிக்கிறப்ப சத்தம் வருமேன்னு கையக் குடுத்துப் புடிச்சிக்கிட்டிருக்கேன்!"

ரிப்பன் தைத்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. (நம்பிக்கை இல்லாதவன் எதைத்தான் சொல்வான்?) தவில் மண்டபத்தையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. தும்மல்கூடக் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளமே கொட்டுகிறார்கள்! அந்த இரைச்சலில் பத்து வெல்க்ரோவைப் பிரித்திருந்தாலும் கேட்டிருக்காது. எங்கள் இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

மேடையைப் பார்த்தேன். மூன்று முடிச்சும் விழுந்திருந்தது.

மாப்பிள்ளையின் தங்கை செல்போனில் எடுத்த ஒரே படம்தான் இன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. அதன் ஓரத்தில் நான் சித்தப்பாவின் கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் தாலியை விட்டுவிட்டு, "யாருங்க அந்த மூலையில சண்ட போடுறது?" என்றுதான் கேட்கிறார்களாம்.

"அவரா? எங்க போட்டோகிராபர். தாலி கட்டுறப்ப கொஞ்சம் வேலையா இருந்தாரு" என்பாளாம் அந்தக் கல்யாணப் பெண்.