ஆயுத பூஜை அன்று செத்த ஆறு வாரத்துப் பாக்டீரியா

நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு தங்கமீனை முதல் மாடிக்குக் கொண்டுவந்து, ஐந்து மாதம் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மீன் ஸ்டெல்லா டீச்சருடையது. ரிட்டயரான கணக்கு டீச்சர். மகள் பிரசவத்துக்காக இன்னும் இரண்டு மாதத்தில் பெங்களூர் கிளம்புகிறார். கணவர் தவறி ஆறு வருஷம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சுவிடும் ஜீவன் இந்த மீன் ஒன்றுதான்.

பெயர் பிரின்சிபால். வாயைத் திறந்து திறந்து மூடுமாம், ஒன்றும் வெளியே வராதாம். பழைய ஸ்கூல் ஞாபகத்தில் வைத்த பெயர்.

"யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியலை சார்" என்று மாடிப்படியில் நின்று சொன்னார். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கியிருக்கலாம். எங்கள் திருவானைக்காவல் அபார்ட்மென்ட்டில் மற்ற எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் நான் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன். எனக்கு எல்லாம் தெரியும்.

"என்கிட்ட விடுங்க டீச்சர். நான் சயன்டிஃபிக்கா பண்றேன்."

மேலே போய்ப் பார்த்தேன். நீல நிற பிளாஸ்டிக் டப். ஃபில்டர் கிடையாது, லைட் கிடையாது. சுவரெல்லாம் வழுவழுவென்று பச்சைப் பாசி. நடுவில் பிரின்சிபால், கொழுகொழுவென்று.

இதில் இது ஆறு வருஷம் பிழைத்ததே அதிர்ஷ்டம் என்று டீச்சரிடமே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு டீச்சர்கள் தப்பான விடையை முதல் தடவை பார்த்தால் இப்படித்தான் சும்மா இருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கே விஷம். அதைத் தின்று தீர்க்கிற நல்ல பாக்டீரியா புதுத் தொட்டியில் இருக்காது. வளர்வதற்கு ஆறு வாரம்போல ஆகும். அது பெரும்பாலும் ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். அந்த ஆறு வாரம் முடியும்வரை மீனை விடக் கூடாது. இதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் படித்தேன். இரண்டிலும் ஒரு மடையனுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருந்தார்கள்.

மன்னார்புரத்துப் பக்கம் ஒரு கடையில் மூன்றடித் தொட்டி, ஃபில்டர், லைட், தண்ணீரைச் சோதிக்கும் கிட் எல்லாம் வாங்கினேன். எந்த மீன் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஆறு வாரத்துக்கு மீன் விடப் போவதில்லை என்றேன். அவர் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அப்ப இப்போதைக்கு தண்ணி மட்டும் வளர்க்கறீங்க."

சிரித்தேன். படிக்காத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்டீரியா வளர அதற்குச் சாப்பாடு வேண்டும். ஏதாவது அழுகினால் அமோனியா வரும், அதுதான் சாப்பாடு. அழுகவைக்க ஒரு இறால் போதும் என்று போட்டிருந்தது. பாலத்தைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் விற்கும் அம்மாவிடம் ஒரு இறால் கேட்டேன். ஒரு கிலோவா என்றார். இல்லை, ஒன்று.

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வீட்ல எத்தனை பேரு சார்?"

நல்ல இறாலாகப் பார்த்துக் கொடுத்தார். அதை நான் அழுகவைக்கப் போகிறேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

நாலாவது நாள் ஹாலில் உட்கார முடியவில்லை. என் மனைவி சுமதி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் சமைத்தாள். கீழ்வீட்டு மாமா பெருமாள் பிரசாதம் கொடுக்க வந்தவர் வாசலோடு நின்று, ஆத்துல எலி ஏதாவது செத்துக் கிடக்கறதா பாருங்கோ என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பிரசாதமும் நின்றுபோனது.

நான் அசரவில்லை. தினமும் காலையில் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். பச்சை என்றால் விஷம். மஞ்சள் என்றால் பாக்டீரியா தயார்.

ஆறாவது வாரம் மஞ்சள் வந்தது. எலுமிச்சை மாதிரி மஞ்சள். டீச்சரைக் கீழே கூப்பிட்டுக் குப்பியைக் காட்டினேன். நைட்ரஜன் சுழற்சி பற்றி அரைமணி நேரம் பேசினேன். டீச்சர் நின்றபடியே கேட்டார். "விஜயதசமிக்கு மறுநாள் எனக்கு ட்ரெயின் சார். அன்னிக்குக் காலையில கொண்டுவந்து விட்டுட்டுப் போறேன்" என்றார். படியேறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அதுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"அது இனிமேதான் டீச்சர் நல்லா வாழப் போகுது."

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷமும் அன்றைக்கு ஆபீஸ் போனவன் நான். இந்த வருஷம் ஒழுங்காகக் கொண்டாடிவிடுவது என்று காலையிலேயே ஒரு வெறி. ஸ்கூட்டரை நானே கழுவினேன். மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், லேப்டாப் என்று எல்லாவற்றையும் சுமதியைத் துடைக்கச் சொன்னேன். பாக்டீரியாவுக்கும் பண்டிகைதானே என்று, இறால் கரைந்த பிறகு அதற்குச் சாப்பாடாக நான் போட்டுவந்த மீன் தீனியை அன்று ஒரு கை கூடுதலாகத் தொட்டியில் போட்டேன். அவ்வளவு நல்ல மனசு.

ஸ்கூட்டர் சக்கரத்துக்குக் கீழே குனிந்திருந்தபோது பால்கனியிலிருந்து சுமதி ஏதோ கேட்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கரண்டுல ஓடற எதையும் விடாத! எல்லாத்தையும் கழுவி வை!"

வரிசையாக வைத்திருந்தாள். நான்தான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டேன். கண்ணாடி போடவில்லை. ஓரத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. ஹேர் டிரையர் என்று நினைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்து, தீபாராதனையும் காட்டினேன்.

மத்தியானம் சுண்டல் சாப்பிட்டுவிட்டு ஹாலில் சாய்ந்தேன். வீடு அவ்வளவு அமைதி. இதற்காகத்தானே ஊருக்கு வந்தோம் என்று மனசு நிறைந்துபோய்ச் சுமதியிடம் சொன்னேன்: பூஜை பண்ணின வீட்டுக்கு ஒரு தனி அமைதி இருக்கு பாரு.

"மோட்டார் ஓடலைல்ல, அதான்" என்றாள்.

எந்த மோட்டார்?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூஜை அறைக்கு ஓடினேன். லேப்டாப்புக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில், நெற்றியில் பொட்டோடு, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு உட்கார்ந்திருந்தது என் ஃபில்டர்.

"ஏங்க, உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே எடுத்தேன்? உள்ள இருந்த ஸ்பாஞ்சுல எவ்வளவு அழுக்கு தெரியுமா? கருப்பா வந்துகிட்டே இருந்துச்சு. சோப்பு போட்டு நாலு தடவை கசக்கி, மொட்டை மாடி வெயில்ல காயவச்சேன்."

அந்த அழுக்குதான் ஆறு வாரம். அந்த அழுக்குதான் ஒரு இறாலின் உயிர்த்தியாகம், கீழ்வீட்டுப் பிரசாதம், என் மொத்தப் படிப்பு.

உடனே எடுத்து மாட்டுகிறேன் என்று கை நீட்டினேன். சாமிகிட்ட வைத்ததை நாளைக்குப் புனர்பூஜை முடியாமல் தொடக் கூடாது என்று சுமதி தடுத்தாள். எடுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெயிலிலேயே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

விஜயதசமி அன்று மாட்டி ஓடவிட்டேன். சாயங்காலம் குப்பியைத் தூக்கிப் பார்த்தேன். பச்சை. கொத்தமல்லிச் சட்னிப் பச்சை. பண்டிகைக்கு நான் போட்ட கூடுதல் தீனி.

டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே சமாளிக்க என்னென்ன வழி என்று யோசித்தேன். மீனை விட்டுவிடுவோம், செத்தால் அதே நிறத்தில், அதே பருமனில் இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால் ஐந்து மாதம் கழித்து யாருக்குத் தெரியும் என்றுகூட யோசித்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனின் மூளை இந்த அளவுக்கு இறங்கும் என்பதை நானே பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலை காலிங் பெல். டீச்சர் பயணப் புடவையில் நின்றார். கையில் எவர்சில்வர் தூக்கு. உள்ளே பிரின்சிபால் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க மீனைத் திட்டிக்கொண்டே வந்தார். "போடா, பெரிய பங்களாவுக்குப் போறே, இனிமே என்னையெல்லாம் ஞாபகம் வச்சிருப்பியா?"

தொட்டிப் பக்கம் போய்த் தூக்கைச் சாய்த்தார்.

"விடாதீங்க டீச்சர்" என்றேன். பாய்ந்துபோய்த் தூக்கைப் பிடித்துக்கொண்டேன். "விட்டா செத்துடும்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பூ, தீபாராதனை எதையும் விடவில்லை. டீச்சர் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆறு வாரம். மூணு அடி தொட்டி. ஒரு மீனை விட முடியலை." தூக்கை இன்னும் இறுக்கிக்கொண்டார். "உங்களுக்கு ஸ்கூல்ல கணக்கு யாரு எடுத்தாங்க?"

ட்ரெயினுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. நானும் சுமதியும் அந்த நீல டப்பைப் பாசியோடும் பாதித் தண்ணீரோடும் மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. டப்பை ஹாலில் வைத்ததும் டீச்சர் தானே மண்டியிட்டு மீனை விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றிப் பாசி ஓரத்தில் போய் நின்றது. டீச்சர் மூச்சு விட்டார்.

"வாரம் ரெண்டு குடம் தண்ணி மாத்துங்க. ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கணும். வேற ஒண்ணும் பண்ணாதீங்க. முக்கியமா எதையும் படிக்காதீங்க."

இப்போது மூன்று வாரம் ஆகிறது. தினமும் பெங்களூரிலிருந்து வீடியோ கால் வருகிறது. எனக்கு வணக்கம்கூடக் கிடையாது, நேரே மீன்தான். நேற்று டீச்சர் சுமதியிடம் தயங்கித் தயங்கி, தண்ணியை யாரும்மா மாத்தறது என்று கேட்டார்.

"நான்தான் டீச்சர். அவரைக் கிட்டவே விடறதில்லை."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அந்தப் பக்கம் டீச்சர் சொன்னது, சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.