முன்னூற்று எண்பத்து நான்கு மூன்றுகள்

திரையில் வளைவு வரவேண்டிய இடத்தில் ஒற்றைக் குச்சி ஒன்று நட்டநடுவில் நின்றது.

முனைவர் ராமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குச்சி அப்படியேதான் நின்றது.

"ரோகிணி, என்னம்மா இது?"

"என் டேட்டா சார்."

"பூண்டு விவசாயிங்க முன்னூத்தி எண்பத்து நாலு பேர். ஆளுக்கு இருபது கேள்வி. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் மார்க்கு போடச் சொல்லியிருக்க. அத்தனை பேரும் அத்தனை கேள்விக்கும் மூணுதான் போட்டாங்களா?"

"ஆமா சார்."

"தண்ணி வசதி எப்படின்னா மூணு. பூண்டு விலை கட்டுதான்னா மூணு. குடும்பத்துல சந்தோசமா இருக்கீங்களான்னா?"

"அதுக்கும் மூணுதான் சார்."

வகுப்பில் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ராமருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்து வெகுகாலம் ஆகிறது.

செண்பகனூருக்குச் சற்று மேலே, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஒரு சமூக அறிவியல் ஆய்வு நிறுவனத்தில், முனைவர் பட்டம் படிக்கிறவர்களுக்கு எண்களை வைத்து ஆராய்ச்சி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பு. என்ன பிழைப்போ! கணக்குக்குப் பயந்து பத்தாம் வகுப்போடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சமூகவியல், வரலாறு என்று ஓடிவந்தவர்கள் மாணவர்கள். ஓடிவந்த பாதையின் கடைசியில் ராமர் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருடமாக அவர் நடத்தி ஒருவருக்கும் புரிந்ததில்லை. புரியாதவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய், வேறு வேறு ஊர்களில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் முன்னூற்று எண்பத்து நான்கு. யாரோ ஒரு காலத்தில் போட்ட அட்டவணையில் அப்படி இருக்கிறது. ஊரில் ஐந்நூறு பேர் இருந்தாலும் சரி, நாட்டில் நாலு கோடிப் பேர் இருந்தாலும் சரி, ஆய்வாளருக்கு வேண்டியது முன்னூற்று எண்பத்து நான்கு பேர்.

"இங்க பாருங்க" என்று ராமர் தன் ஆய்வேட்டைத் தூக்கிக் காட்டினார். வாரம் ஒருமுறையாவது தூக்கிக் காட்டுவார். "அதே மேப்பள்ளம் கிராமம். அதே பூண்டு விவசாயிங்க. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. மனநிறைவு சராசரி மூணு புள்ளி எட்டு ஏழு! ஒருத்தன் ரெண்டு போட்டிருக்கான், ஒருத்தன் அஞ்சு போட்டிருக்கான். வளைவைப் பாருங்க, கவுத்து வச்ச இட்லி மாதிரி! இதுக்குப் பேருதான் உயிருள்ள டேட்டா. அட்டை அட்டையா ரத்தம் உறிஞ்சுச்சு, அடை மழை, வீடு வீடா ஏறி எறங்கினேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வி குனிந்துகொண்டாள். அவளுக்குச் சொந்த ஊரே மேப்பள்ளம்தான். வகுப்பில் ராமர் நடத்துவது புரிகிற ஒரே ஆளும் அவள்தான். முதல் நாள் அந்த ஆய்வேட்டைச் சுற்றுக்கு விட்டபோது எல்லோரும் புரட்டிப் புரட்டிப் பார்க்க, அவள் மட்டும் பின்னிணைப்பில் இருந்த கேள்வித்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

"ரோகிணி, ஹாஸ்டல்ல உக்காந்து நீயே நிரப்பிட்டியா?"

"இல்ல சார். சத்தியமா நேர்ல போனேன்."

"போலித் தாளை நான் தூரத்துலேருந்தே சொல்லிருவேன். ஒரே பேனா, ஒரே சாய்வு, டீக்கறை ஒண்ணு கூட இருக்காது. விதி தெரியும்ல?"

தெரியாமலா? அந்த விதியை எழுதியவரே அவர்தான். தாள்களை மக்களே நிரப்பாமல் பிறர் நிரப்பியது தெரிந்தால் ஆய்வாளரின் பதிவு ரத்து. பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால் பட்டமும் ரத்து. கறுப்பு எழுத்தில் அச்சடித்து, சட்டம் போட்டு, வகுப்பறைக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்தார்.

ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். நாலு வருடப் படிப்பு. பதிவு போனால் உதவித்தொகை போகும், உதவித்தொகை போனால் அவளும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

"சார், எங்க ஊர்ல வந்து..." என்று பாண்டிச்செல்வி எழுந்தாள்.

"நீ உக்காரு. ஊர்க்காரங்களுக்கு வக்காலத்து வாங்காத."

அவள் உட்கார்ந்தாள்.

இயக்குநர் மகாதேவி மேடம் நல்ல மனுஷி. பிரச்சினை எதுவும் தன் மேசைக்கு வரக்கூடாது என்று நினைக்கிற அளவுக்கு நல்லவர்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு ராமர். அதுக்குள்ள இன்னொரு சான்ஸ் குடுங்களேன். பாவம் அந்தப் பொண்ணு."

"குடுக்கறேன் மேடம். நடுவுல மூணு இருந்தாத்தானே மூணைப் போடுவாங்க? நாலே நாலு கட்டம்தான் இனிமே. நடுவே கிடையாது. எந்தப் பக்கமாவது சாஞ்சுதானே ஆகணும்?"

தன் புத்திசாலித்தனத்தை நினைத்து ராமர் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார்.

ஒரு வாரம் கழித்து ரோகிணி புதுக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கணினியில் ஏற்றியதும் ஒரு குச்சி இரண்டு குச்சியானது. முதல் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் இரண்டு போட்டிருந்தார்கள். அடுத்த நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் மூன்று போட்டிருந்தார்கள். சராசரி சரியாக இரண்டரை.

"நடுவை எடுத்தாலும் சராசரியை நடுவுலயே கொண்டுவந்து நிறுத்திட்டாங்களே!" என்று ராமர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மேலத்தெரு ரெண்டு சார், கீழத்தெரு மூணு" என்றாள் ரோகிணி மெதுவாக.

"தெருவா பிரிச்சு நிரப்பினியா நீ?"

"நான் நிரப்பலை சார்!"

"சார், அது வந்து..." என்றாள் பாண்டிச்செல்வி.

"உன்கிட்ட கேட்டேனா? உக்காரு."

மூன்றாவது தடவை ராமர் வயிற்றெரிச்சலோடு கேள்வித்தாளையே கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி வைத்தார். வாழ்க்கையில் மனநிறைவு உண்டா? ஆம், இல்லை. இரண்டே கட்டம். இதில் எப்படி நழுவுகிறார்கள், பார்த்துவிடலாம்.

தாள்கள் திரும்பி வந்தன. முன்னூற்று எண்பத்து நான்கு தாள்களிலும் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டிருந்தது.

ராமர் தாள் கட்டைத் தூக்கி மேசையில் அறைந்தார். பிறகு கத்தினார்.

"எல்லாரும் ஜீப்புல ஏறுங்க! வேலை எப்படிச் செய்யணும்னு நான் வந்து காட்டறேன். நாளைக்குக் கமிட்டி. அங்கயே உக்காந்து ரிப்போர்ட் எழுதி, சாயங்காலம் மேடம் கையில குடுக்கறேன்."

மேப்பள்ளம் மேல்மலையில் பஸ் போகிற கடைசி ஊர். பதினோரு மணிக்கு வரும் பஸ், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திரும்பிவிடும். ஜீப் போய் நின்றபோது பூண்டு வெட்டு நடந்துகொண்டிருந்தது. படிப்படியாக இறங்கிய வயல்களில் எல்லோரும் குனிந்திருந்தார்கள். ஜீப்பைப் பார்த்து ஒருவரும் நிமிரவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் கை மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே வந்தார். ஐம்பது வயது, தலையில் துண்டு. பாண்டிச்செல்வியின் அப்பா செல்லப்பாண்டி.

"வாங்க சார், வாங்க. சர்வேயா?" என்றவர் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே முகேசு, இன்னைக்கு யாரு முறை?"

"சின்னத்தாயி அத்தை முறைண்ணே!"

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, சமுதாயக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் மாவட்ட ஆட்சியர்கூட எழுந்து நின்றுவிடுவார்.

"வெரசாக் கேளுங்க சார். சோலி கெடக்கு. எம்புட்டு பேரு? முன்னூத்தி எண்பத்து நாலுதானே?"

ராமருக்கு ஒன்றும் புரியவில்லை. "முறைன்னா என்னம்மா?"

செல்லப்பாண்டி விளக்கினார். "தண்ணி முறை இருக்குல்ல சார்? ஓடையில இன்னைக்கு உனக்கு, நாளைக்கு எனக்குன்னு பாய்ச்சுவோம். அதே மாதிரிதான் இது சர்வே முறை. வாரத்துக்கு ஒரு காலேஜு வருது, ஆஸ்பத்திரிக்காரங்க வாராங்க, அந்தச் சங்கம் இந்தச் சங்கம்னு வாராங்க. பஸ்சு வார ஊரு பாருங்க, எல்லாருக்கும் நாங்கதான் தோது. ஊரே வந்து உக்காந்தா பூண்டை யாரு வெட்டறது? அதான் முறை வச்சோம். ஒரு வீட்டாளு உக்காந்து ஊருக்கே சொல்லிப்புடும்."

"ஒரே ஆளு முன்னூத்தி எண்பத்து நாலு பேருக்கா?"

"தொண்டை கட்டிப்போச்சு சார் போன தடவை" என்றாள் சின்னத்தாயி.

"சரி, எல்லாத்துக்கும் ஏம்மா மூணு?"

"நல்லாருக்கேன்னு சொன்னா குடுக்கறதை நிறுத்திப்புடுவாங்க. நல்லால்லேன்னு சொன்னா ஏன் நல்லால்லேன்னு கேக்க இன்னொருத்தரு வருவாரு. நடுவுல போட்டா எந்திரிச்சுப் போயிருவாக. ஊர் கூடிப் பேசி முடிவு பண்ணினது சார்."

மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரோகிணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேர்ல போனேன்னு சத்தியம் பண்ணினியே?"

"நேர்லதான் சார் வந்தேன். ஒவ்வொரு தடவையும் முறைக்காரங்க ஒருத்தர்தான் உக்காந்தாங்க. ஒவ்வொரு பேராச் சொல்லி ஆறு நாள் பதில் சொன்னாங்க. வேற யாரும் வரலை சார். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

"அப்ப விஷயம் முடிஞ்சுது." ராமரின் முகத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு சந்தோஷம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. "பாண்டிச்செல்வி, உன் கையெழுத்துதான் மணி மணியா இருக்கு. பேப்பரை எடு, நான் சொல்லச் சொல்ல எழுது."

"சார், அவளுக்கு ஒரு சான்ஸ் குடுக்கலாம் சார். ஊரு பண்ணினதுக்கு அவ என்ன செய்வா?"

"எழுதுன்னா எழுது! இதே ஊருதான்யா! என் காலத்துல சனங்க மனசு விட்டுப் பேசினாங்க. ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல, இதே வயல்ல, ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சு..."

செல்லப்பாண்டி ராமரை உற்றுப் பார்த்தார். "ரெண்டாயிரத்துப் பன்னெண்டா? சார், நீங்க அந்த மஞ்சக் குடை சார் இல்ல? அப்ப தலையில முடி இருந்துச்சே! அடை மழையில பஸ்ஸை விட்டு எறங்கி, பேப்பர் கட்டை எங்கிட்ட குடுத்து, ஊர்ல எல்லாருகிட்டயும் நிரப்பி வையிங்கன்னுட்டு, அதே பஸ்ல ஏறிப் போயிட்டீங்களே!"

பன்னிரண்டு தலைகள் ராமர் பக்கம் திரும்பின.

ராமருக்கு வேர்த்துவிட்டது. மேல்மலைக் குளிரில் வேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனாலும் சமாளித்தார். "குடுத்துட்டுப் போனேன். மழை, என்ன பண்றது? பத்து நாள் கழிச்சு வந்து வாங்கினேன். அதனால என்ன? நிரப்பினது ஊர் சனங்கதானே! ஆளுக்கு ஒரு பதில் போட்டாங்களே! மூணு மூணுன்னு போட்டாங்களா? பொய்யில இட்லி வருமா? அந்த வளைவே சாட்சி!"

"யாருகிட்ட குடுத்தேன் அந்தக் கட்டை..." என்று செல்லப்பாண்டி தலையைச் சொறிந்தார். பிறகு மகளைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வயலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"எழுதும்மா" என்றார் ராமர் அவசரமாக. "தாள்களை மக்களே நிரப்பாமல் பிறர் நிரப்பியது இன்று நேரில் தெரியவந்தது. எனவே விதிப்படி, கீழ்க்கண்டவர் மீது தயவுதாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறேன். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் சார்."

"கீழ பேரைப் போடு."

பாண்டிச்செல்வி ரோகிணியைப் பார்த்தாள். பேனாவை மூடாமல், முதல் தடவையாக உட்காரச் சொல்ல ஆளில்லாமல், நிதானமாகக் கேட்டாள்.

"சார், அப்ப நான் ஏழாப்பு. காலாண்டு லீவு, வெளிய மழை, அப்பா குடுத்துச்சேன்னு அந்த முன்னூத்தி எண்பத்து நாலையும் நான்தான் உக்காந்து மாத்தி மாத்தி டிக் போட்டேன். உங்க பேரையும் இதுலயே எழுதிரவா சார், இல்ல தனித் தாள்ல எழுதணுமா?"