ஒரே கப்பல், ஆறு பெயர்

துறைமுகத் திட்டப் பிரிவின் உதவி இயக்குநரும், அதற்கும் முன்னால் என் மகளின் கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இந்தச் சின்னத் துறைமுகத்தின் அதிகாரியும், அதற்கப்புறம்தான் உங்கள் மாமனாருமாகிய நான் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் சுகம். நீங்களும் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் இருமல் போயிருக்கும் என்று நம்புகிறேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு படிவம் அனுப்புங்கள், நிரப்பித் தருகிறேன்.

படிவம் என்றதும்தான் வயிறு எரிகிறது. மாநிலத்தில் எந்தத் துறைமுகத்தில் முதலீடு செய்யலாம் என்று முடிவெடுக்க நாற்பது பக்கத்துக்கு ஒன்று அனுப்பினீர்களே, அதில் 'மாதம் எத்தனை கப்பல்?' என்ற கேள்விக்கு 'ஒன்று' என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஐந்துக்குக் குறைந்தால் துறைமுகம் மூடப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் கட்டிக் காக்கிற இடம், மாப்பிள்ளை. கிரேன் ஓட்டுநர், எழுத்தர், காவலாளி என்று என்னோடு சேர்த்து ஏழு பேர். மூடினால் ஆளுக்கொரு திசையில் தூக்கி அடிப்பீர்கள். 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'ஆறு' என்று எழுதினேன். நீங்கள் அப்படியே நம்பியிருந்தால் குடும்பத்துக்கு நல்லது. நீங்களோ நேரில் பார்த்து வர ஒரு குழுவை அனுப்பிவிட்டீர்கள்.

இங்கே வருகிற ஒரே கப்பல் சிமெண்ட் கப்பல். அதன் கேப்டன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "என்னைப் பொய் சொல்லச் சொல்லாதீங்க சார். கப்பலை வேணும்னா ஓட்டுறேன்" என்றார். அது போதுமே! இடது பக்கம் ஒரு பெயர்ப்பலகை, வலது பக்கம் இன்னொன்று. புகைபோக்கியைப் பாதி சிவப்பு, பாதி நீலமாகக் காவலாளி பூசினார். கப்பல் துறைமுகத்துக்கு எதிரே ஒரு முறை போகும். மலைக்குப் பின்னால் மறைந்து திரும்பி வந்தால் வேறு பக்கம், வேறு நிறம், வேறு பெயர். அடுத்த சுற்றுக்குப் பலகையை மாற்றிக்கொள்ளலாம். கப்பல் திரும்பும் ஒவ்வொரு முறையும் குழுவின் கண் கடல் பக்கம் போகாதபடி உங்கள் மாமியார் டீ கொண்டுவந்தார். ஆறு கப்பலுக்கு ஐந்து டீ.

நான்காவது கப்பல் போனபோது பைனாகுலரை இறக்கினார் குழுத் தலைவர். "என்னங்க, எல்லாக் கப்பல்லயும் ஒரே சமையல்காரர் கையாட்டுறாரு?"

"அண்ணன் தம்பிங்க சார்."

"எல்லாருமா?"

"அவங்க அம்மாவுக்குக் கடல்னா உசிரு சார்."

அவர் நம்பிவிட்டார். கூட வந்த பொறியாளர் அம்மாதான் விடாக்கண்டர். "மாசத்துக்கு ஆறுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு காலையிலயே ஆறு வந்துடுச்சே?"

"அடக்கமா எழுதிட்டேன் மேடம்."

"ஏன் ஒண்ணுகூட உள்ள வரல?"

"கப்பல் வந்து நிக்கிற மேடை காலியில்ல மேடம்! காத்திருக்குதுங்க. அஞ்சு நாள்கூட நிக்கும். அவ்வளவு கிராக்கி!"

"மேடை எவ்வளவு நேரம் காலியா இருக்கும்?"

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. நூத்துக்கு நூறு நிறைஞ்சிருக்கும்!"

மேடை கிடங்குக்குப் பின்னால் இருப்பதால் அது வெறிச்சென்று கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா நூறைக் குறித்துக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, முதலீட்டுப் பட்டியலில் நம் துறைமுகத்தை முதலில் போடுங்கள். இன்னொரு மேடை, இன்னொரு கிரேன் கிடைத்தாலே போதும். மாமனார் என்பதற்காகச் செய்யச் சொல்லவில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

பேத்திக்கு முத்தங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும் எங்களுக்கு நீண்ட மேடையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன் மாமனார்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் நான்கு நாள் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் உங்கள் கையெழுத்தோடு உத்தரவு வந்துவிட்டது. 'தாங்க முடியாத நெரிசல். மலை தடுப்பதால் விரிவாக்க இடமில்லை. ஆறு கப்பல்களும் உடனடியாகப் பக்கத்துத் துறைமுகத்துக்கு மாற்றப்படுகின்றன. முதலீடும் அங்கேயே.' கப்பல் காத்திருந்தால் அது பெருமை இல்லை, நோய் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மேலே ஆறு என்று நான் குழுவிடம் சொன்னதெல்லாம் பொய். கப்பல் ஒன்றுதான். இந்தக் கடிதத்தையே மேலிடத்தில் காட்டுங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், மற்ற ஆறு பேரின் வயிற்றில் அடிக்க வேண்டாம். சாட்சிக்குக் கேப்டனிடமும் எழுதி வாங்கலாம் என்று ஓடினேன். உத்தரவைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டாராம். ஆறு கப்பலும் புறப்பட்டதாக நம் காவலாளி பதிவேட்டில் ஆறு வரி எழுதி வைத்திருக்கிறார். நெரிசல் அடியோடு தீர்ந்துவிட்டது, மாப்பிள்ளை. சந்தேகம் இருந்தால் குழுவை மறுபடி அனுப்புங்கள்.