பங்குனியில் வாங்கிய வீடு

குடவாசலில் முதுகு மேஸ்திரி படுத்துப் பார்க்காத வீட்டை எவனாலும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. நானோ டிப்ளமா படித்த ஓவர்சியர். ரசமட்டம், தூக்குக்குண்டு, பெயர்ப்பலகை எல்லாம் என்னிடம் இருந்தன. அவரிடம் இருந்தது முதுகு ஒன்றுதான். அந்த முதுகின் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.

வீடு பார்க்கப் போனால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அறைக்கு அறை வெறுந்தரையில் மல்லாந்து படுப்பார். சுவரில் முதுகைத் தேய்த்து ஈரம் பார்ப்பார். எழுந்து, "கொல்லப்பக்கம் ஓதம் ஏறுதுங்க" என்பார். விலை அந்த இடத்திலேயே சரிந்துவிடும். வலங்கைமானில் ஒருவர் விற்பதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுக் காட்டி, சொன்ன குறைகளைச் சரிசெய்து, கேட்ட விலைக்கு விற்றார். யாராவது வீடு வாங்குவதாகச் சொன்னால், பக்கத்தில் என்னை வைத்துக்கொண்டே, "மேஸ்திரி பாத்துட்டாரா?" என்று கேட்பாள் என் மனைவி.

பங்குனி, சித்திரையில் மட்டும் அவர் படுக்க மாட்டார். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் அப்போதுதான் நம் ஜனங்கள் வீடு வாங்குவார்கள். வாய்க்கால் வறண்டு கிடப்பதால் எல்லா வீடும் யோக்கியமாகவே தெரியும். "ஆத்துல தண்ணி வரட்டுங்க. அப்பத்தான் வீடு வாயத் தொறக்கும்" என்பார்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் நிலத்தோடு வீடுவாசலையும் விற்றுவிட்டுப் பட்டணம் போய்க்கொண்டிருந்த சமயம் அது. வாய்க்கால் ஓரத்து வீடொன்று பாதி விலைக்கு வந்தது. பங்குனி மாதம். பொறுக்கச் சொன்னார் மேஸ்திரி. அவரைக் கேட்டு வாங்கினால் என் பெயர்ப்பலகைக்கு என்ன மரியாதை? மனைவியின் நகைகளையும் போட்டு வாங்கிவிட்டேன்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சமையலறைத் தரை வேர்த்தது. ஆடிப்பெருக்கன்று கூடத்துச் சுவர் நெடுக விரிசல் விட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் என்னிடம் யார் பிளான் போட வருவார்கள்? பிழைப்பே போய்விடும்.

மறுநாள் காலை, கூப்பிடாமலே மேஸ்திரி வந்து படுத்தார். எழுந்தபோது முதுகு நனைந்திருந்தது. துண்டால் துடைத்துச் சட்டையை மாட்டினார். வாசலில் நாலைந்து பேர் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஓவர்சியர் சார் பாத்து வாங்குன வீடு. நான் சொல்ல என்னங்க இருக்கு? பொட்டு ஈரம் இல்ல" என்றார்.

அந்த வாரமே ஆளோடு வந்து கொல்லையில் வடிகால் வெட்டிக் கொடுத்தார். கேட்டவர்களிடம் தென்னங்கன்று வைக்கிறோம் என்றார்.

வீட்டைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் முதுகின் மேலிருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அப்படியொரு மனசு எனக்கு இல்லையே என்ற பொறாமைதான், அவர் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் போகவில்லை.